பையோடும் வெளியே போகலாம்

மனித உடல் ஒவ்வொரு நாளும் செய்கின்ற வேலைகளுள் நாம் வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுகின்ற வேலை ஒன்று உண்டு. அது கழிவகற்றல். இதயத்தைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் வகுப்பறையில் தாராளமாகப் பேசுகின்றோம். குடலைப் பற்றிப் பாடம் வந்தால் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கின்றோம். இந்தக் கூச்சத்தினாலேயே சிலர் வீட்டுக்குள் முடங்கிப் போகின்றார்கள். அவர்களுக்காகவும் அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. பெருங்குடல் அழற்சி நோயினால் எனது பெருங்குடல் சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்பட்டது. அன்று முதல் எனது வயிற்றின் வலது பக்கத்தில் சிறிய பை ஒன்று ஒட்டியிருக்கின்றது. அந்தப் பையோடுதான் பஸ்ஸில் போகின்றேன், சைக்கிள் ஓடுகின்றேன், வாப்பாவோடு தோணியில் ஏறி மட்டக்களப்பு வாவியைச் சுற்றி வருகின்றேன். அபாயாவுக்குள் இருக்கும் பையை, நான் சொன்னாலன்றி யாரும் அறிவதில்லை.

ஸ்டோமா என்றால் என்ன?

குடலின் ஒரு முனையை வயிற்றுத் தோலின் வழியே வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அந்த வாயிலுக்கு ஸ்டோமா என்று பெயர். கிரேக்க மொழியில் இச்சொல்லுக்கு ‘வாய்’ என்பது பொருள். பெருங்குடலைக் கொண்டுவந்தால் கொலொஸ்டமி, சிறுகுடலின் கடைப்பகுதியைக் கொண்டுவந்தால் இலியோஸ்டமி, சிறுநீருக்கு வழி அமைத்தால் யூரோஸ்டமி என்பார்கள். புற்றுநோய், குடல் அழற்சி, விபத்துக் காயம், பிறவிக் குறைபாடு எனக் காரணங்கள் பல. சிலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டும் தேவைப்படும். குடல் ஆறியதும் மீண்டும் உள்ளே இணைத்துவிடுவார்கள். என்னைப் போன்ற சிலருக்கு நிரந்தரம்.

ஸ்டோமா சிவப்பாக, வாயின் உட்புறத்தைப் போல ஈரமாக இருக்கும். அதில் வலியை உணரும் நரம்புகள் இல்லை, தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது ஓரிரு துளி இரத்தம் கசிவதும் சாதாரணமே. ஆனால் அதை இறுக்கி மூடும் தசை கிடையாது. ஆகவே கழிவு எப்போது வரும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. அதற்காகத்தான் பை.

ஒரு சகோதரிக்காகப் பிறந்த பை

இந்தச் சத்திரசிகிச்சை புதியதன்று. 1793ஆம் ஆண்டில் பிரான்சின் பிரெஸ்ட் நகரில், மலவாசல் இல்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு டுரெ என்ற வைத்தியர் இதனைச் செய்தார். அக்குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது. ஆனால் கசியாத, மணக்காத பை ஒன்று கிடைப்பதற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

1954இல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற தாதி இருந்தார். அவருடைய சகோதரி தோராவுக்கு ஸ்டோமா வைக்கப்பட்டது. கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தோரா வெளியே போவதையே நிறுத்திவிட்டார். சகோதரியின் நிலையைக் கண்ட எலிஸ், தோலில் தானே ஒட்டிக்கொள்ளும், பாவித்தபின் எறியக்கூடிய பிளாஸ்டிக் பை ஒன்றைச் செய்தால் என்ன என்று சிந்தித்தார். பிளாஸ்டிக் உற்பத்தியாளரான ஓகே லூயிஸ்-ஹான்சனிடம் இந்த யோசனையைக் கொண்டுபோனார். அவர் முதலில் மறுத்துவிட்டார். தாதியாகப் பயிற்சி பெற்றிருந்த அவருடைய மனைவி யொஹானாவே அதன் பெறுமதியைப் புரிந்துகொண்டு கணவரைச் சம்மதிக்க வைத்தார். அப்பையிலிருந்தே 1957இல் கொலொபிளாஸ்ட் என்ற நிறுவனம் உருவானது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு பெண் வீட்டுக்குள் இருப்பதற்காக இந்தப் பை செய்யப்படவில்லை, வெளியே போவதற்காகவே செய்யப்பட்டது.

அமெரிக்காவில் நோர்மா கில் என்ற பெண்மணிக்கும் இலியோஸ்டமி செய்யப்பட்டது. அவரையே 1958இல் தம் நோயாளிகளுக்கு வழிகாட்ட அழைத்தார், கிளீவ்லண்ட் கிளினிக்கின் வைத்தியர் ரூபர்ட் டேர்ன்புல். ஸ்டோமா பராமரிப்பு என்ற தனித்துறை அங்கிருந்தே வளர்ந்தது. அதே நாட்டில் அமெரிக்கக் காற்பந்து விளையாட்டு வீரர் ரோல்ஃப் பெனிர்ஷ்கே, 1979இல் சத்திரசிகிச்சை பெற்று, 1980இல் பையோடு மைதானத்துக்குத் திரும்பினார். ஆளோடு ஆள் மோதி விழும் விளையாட்டு அது. அவரால் அது முடிந்ததென்றால் நம்மால் இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிநடை போட முடியாதா?

வெளியே போகும்போது

சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் 6 முதல் 8 வாரங்கள் பாரம் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எதுவும் வேண்டாம். வயிற்றுத் தசை பலவீனமாக இருக்கும்போது பாரம் தூக்கினால் ஸ்டோமாவைச் சுற்றிக் குடல் பிதுங்கலாம். நடப்பதில் தொடங்கி, வைத்தியரிடம் கேட்டுப் படிப்படியாகச் சைக்கிள், ஓட்டம், நீச்சல் என்று கூட்டலாம்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்கிவிட வேண்டும். நிறைய விட்டால் பாரத்தில் ஒட்டு இளகும். புதிய பை மாற்றுவதற்கு உகந்த நேரம் காலையில் சாப்பிடுவதற்கு முன்னர். அப்போது கழிவு குறைவாக வரும். தோலை வெறும் தண்ணீரால் கழுவி, நன்றாக ஈரம் துடைத்து, ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் பெரிதாகத் துளையை வெட்டி ஒட்ட வேண்டும். துளை பெரிதானால் கழிவு தோலில் பட்டுப் புண்ணாகும்.

எனது கைப்பையில் எப்போதும் இருப்பவை: முன்கூட்டியே துளை வெட்டிய இரண்டு பைகள், ஈரத் துடைப்பான், சிறிய போத்தலில் தண்ணீர், கழிவைச் சுற்றிப் போடக் கறுப்புப் பொலித்தீன், மாற்று உடை ஒன்று. பைகளை ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழே வைக்காதீர்கள். நமது வெயிலில் அங்கே ஒட்டுப்பசை உருகிவிடும்.

தண்ணீரில் இறங்குவதற்கும் தடையில்லை. பை நீர் புகாதது. இறங்குமுன் வெறுமையாக்கி, வாயு வெளியேறும் வடிகட்டியை அதற்கென்று தரப்படும் ஸ்டிக்கரால் மூடி, விளிம்பைச் சுற்றித் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டினால் போதும். பாசிக்குடாவில் குடும்பத்தோடு முழு உடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று நீந்தியிருக்கின்றேன். ஒட்டு அசையவில்லை. பாவித்த பையை மட்டும் வாவிக்கரையில் எறிந்துவிடாதீர்கள். உள்ளிருப்பதை மலசலகூடத்தில் கொட்டி, பையைச் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும்.

நமது வெயிலும் நமது சாப்பாடும்

பெருங்குடலின் முக்கிய வேலை தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சுவது. இலியோஸ்டமி உள்ளவருக்கு அந்த வேலை நடப்பதில்லை. ஒரு நாளில் 500 முதல் 800 மில்லிலீற்றர் வரை கழிவு நீராக வெளியேறும். மேலே வியர்வையும் சேர்ந்தால் உடல் வரண்டுவிடும். வெறும் தண்ணீரை அதிகமாகக் குடிப்பது இதற்குத் தீர்வாகாது, உப்பும் வேண்டும். ஜீவனி, உப்புப் போட்ட கஞ்சி என்பன கைகொடுக்கும். தலைச்சுற்றலும் சிறுநீர் குறைவதும் உடல் வரள்வதன் அறிகுறிகள்.

சோறு, வாழைப்பழம், பாண் ஆகியவை கழிவைத் தடிப்பாக்கும். கச்சான், சோளம், தேங்காய்த் துண்டு, பனங்கிழங்கு, அன்னாசி போன்றவை சரியாக மெல்லாவிட்டால் வாயிலை அடைக்கும். கொஞ்சமாக எடுத்து நன்றாக மென்று சாப்பிடுங்கள். மீனும் முட்டையும் வாடையைக் கூட்டும் என்பார்கள். வாவிக்கரையில் வாழ்ந்துகொண்டு மீனை விட முடியுமா? நான் விடவில்லை. தயிர் வாடையைக் குறைக்கும், அதற்கும் நமது பிரதேசத்தில் பஞ்சமில்லை.

சில மணி நேரமாகக் கழிவே வராமல் வயிற்று வலியும் வாந்தியும் வந்தாலோ, ஸ்டோமா ஊதாவாக அல்லது கறுப்பாக மாறினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தொழுகையும் நோன்பும்

எனக்கு எழுந்த முதற்கேள்வி தொழுகை பற்றியதே. கழிவைக் கட்டுப்படுத்த முடியாதவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. தொழுகையின் நேரம் வந்தபின் பையை வெறுமையாக்கி, வுழூச் செய்து தொழுது கொள்கின்றேன். ருகூவும் சுஜூதும் வயிற்றை வருத்துவதில்லை. நோன்பு நோற்பதா என்பதை வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டே தீர்மானிக்க வேண்டும். தண்ணீரும் உப்பும் வேகமாக இழக்கப்படும் உடலுக்கு அது வேறு விடயம்.

பெற்றோர்களே, தோழிகளே!

பிள்ளைக்கு இப்படி ஒரு நிலை வந்தால் முதலில் மனதில் எழுவது, “ஊர் என்ன சொல்லும், நாளைக்கு யார் முடிப்பார்கள்?” என்ற கேள்விதான். என் உம்மாவும் இதைத்தான் கேட்டார். ஸ்டோமா உள்ள பெண்கள் திருமணம் முடிக்கின்றார்கள், வைத்திய மேற்பார்வையில் பிள்ளை பெறுகின்றார்கள். இரு வீட்டாரும் உண்மையை அறிந்திருந்தால் அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. பிள்ளையைக் கல்யாண வீட்டுக்கும் சுற்றுலாவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் மறைத்து வைத்தால், மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று தன்னிடம் இருக்கின்றது என்றே அது எண்ணும்.

பாடசாலையில் ஓர் ஆசிரியைக்காவது விடயம் தெரிந்திருக்கட்டும். கதவருகே ஓர் இருக்கை, கேட்காமலே எழுந்து போக அனுமதி, பரீட்சை மண்டபத்திலும் அதே ஏற்பாடு. இவை போதும். மலசலகூடத்தில் தாழ்ப்பாள், தண்ணீர், கைப்பையைத் தொங்கவிட ஓர் ஆணி, மூடியுள்ள குப்பைத் தொட்டி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இவை எனக்கு மட்டுமான தேவைகள் அல்ல. ஒவ்வொரு மாணவிக்கும் மாதம் தவறாமல் தேவைப்படுபவை.

தோழிகளுக்கு ஒரு சொல். வகுப்பு அமைதியாக இருக்கும்போது ஸ்டோமாவிலிருந்து சத்தம் வரலாம். பக்கத்தில் இருப்பவள் கையை வயிற்றில் மெதுவாக அழுத்திக்கொண்டால், அதைக் கவனிக்காதது போல் பாடத்தைத் தொடருங்கள். சத்திரசிகிச்சை அவளுடைய உயிரைக் காப்பாற்றிவிட்டது. அவள் மீண்டும் வெளியே வருவது பாதி அவளுடைய துணிச்சலிலும் பாதி உங்கள் நடத்தையிலும் இருக்கின்றது.