ஒரு சாளரத்துக்கு எதற்கு ரூட் அதிகாரம்?

லினக்ஸ் கணினியில் ரூட் என்பவர் 0 என்ற அடையாள எண் கொண்ட பயனர். எந்தக் கோப்பையும் அவர் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். மென்பொருள் நிறுவவும் ஹார்டு டிஸ்க்கைப் பிரிக்கவும் அந்த அதிகாரம் தேவைப்படுகிறது. தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் அதைக் கடனாக வாங்கித் தரும் கட்டளைதான் சூடோ. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. 2004இல் வந்த உபுண்டு என்ற லினக்ஸ் வகை, ரூட் கணக்கையே பூட்டி வைத்துவிட்டு எல்லா நிர்வாக வேலையையும் சூடோவிடம் ஒப்படைத்தது.

டெர்மினலில் ஒரு கட்டளையை சூடோவோடு கொடுத்தால், வேலை முடிந்ததும் அதிகாரமும் போய்விடும். சாளரம் திறக்கும் செயலியின் கதை வேறு. ஜிஎடிட் போன்ற எளிய எழுத்துத் திருத்தி கூடத் திறக்கும்போதே எழுத்துரு, ஐகான், தீம், செருகுநிரல் என்று எத்தனையோ கோப்புகளைப் படிக்கிறது. மூடும்வரை அமைப்புகளைச் சேமித்துக்கொண்டே இருக்கிறது. திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. அதற்காக இத்தனை நிரல்களும் ரூட்டாக ஓடுகின்றன. அவற்றில் எங்கே ஓட்டை இருந்தாலும் கணினி முழுவதும் திறந்துகிடக்கும்.

இதில் பலர் அடிபட்ட இடம் ஒன்று உண்டு. பழைய உபுண்டு பதிப்புகளில் சூடோ பயனரின் ஹோம் கோப்புறையை மாற்றாமல் அப்படியே விட்டுவிடும். ரூட்டாக ஓடும் செயலி தன் அமைப்புகளை அங்கேயே எழுதும். எழுதிய கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். திரையில் நுழைய அனுமதிக்கும் சாவியான எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பும் அப்படிக் கைமாறினால், மறுநாள் காலையில்தான் தெரியும். கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கும். திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி அதே நுழைவுத் திரையில் வந்து நிற்கும். எத்தனை முறை அடித்தாலும் அதேதான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி, எழுத்து மட்டும் உள்ள திரைக்குப் போய், அந்தக் கோப்பின் உரிமையைப் பயனர் பெயருக்கே மாற்றிக் கொடுத்தால் பூட்டு திறக்கும். கணினியில் கோளாறு எதுவுமில்லை, ஒரு கோப்பின் உரிமையாளர் பெயர்தான் மாறியிருக்கிறது என்று புரியாமல் லினக்ஸையே புதிதாக நிறுவியவர்கள் உண்டு. உபுண்டு 19.10இலிருந்துதான் சூடோ ரூட்டின் ஹோம் கோப்புறைக்கு மாறிக்கொள்கிறது.

திரையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய எக்ஸ் முறையில், ஒரே திரையைப் பகிரும் எந்தச் செயலியும் மற்றொன்றில் தட்டப்படும் விசைகளைக் கவனிக்க முடியும். போலி விசைகளை அனுப்பவும் முடியும். ரூட்டாக ஓடும் சாளரத்துக்குப் பக்கத்தில் ஒரு தீய நிரல் சாதாரணப் பயனராக இருந்தாலே போதும். அடுத்து வந்த வேலண்ட் இந்த வழியை அடைத்தது; வேறு பயனரின் பெயரில் வரும் செயலியை இயல்பாகத் திரையில் சேர்ப்பதில்லை. 2016இல் ஃபெடோரா 25 என்ற லினக்ஸ் பதிப்பு வேலண்டுக்கு மாறியபோது, டிஸ்க் பிரிக்கும் ஜிபார்ட்டட் திறக்க மறுத்தது இதனால்தான். எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையால் ரூட்டுக்குத் திரையில் தனி அனுமதி தரலாம். அது அவசரத்துக்கு உதவும் ஒட்டு வேலை.

சரியான வழி வேலையைப் பிரிப்பது. சாளரம் பயனரின் பெயரில் ஓடட்டும். ரூட் தேவைப்படும் சிறு பகுதியைப் பின்னணியில் தனி நிரல் செய்யட்டும். இரண்டுக்கும் நடுவே நின்று, இந்தப் பயனர் இந்த வேலையைச் செய்யலாமா என்று பார்த்து, கடவுச்சொல் கேட்பது போல்கிட். கோப்பு ஒன்றைத் திருத்த மட்டும் என்றால் சூடோஎடிட் போதும்: கோப்பின் நகலைப் பயனராகவே திருத்தச் செய்து, சேமித்தபின் மூலக் கோப்பில் எழுதிவிடும்.

போல்கிட்டும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. அதன் பிகேஎக்செக் கருவியில் 2009 முதல் கிடந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. சாதாரணப் பயனர் எவரும் அதன் வழியே ரூட் ஆகலாம் என்ற நிலை. ஆனால் சரிசெய்ய வேண்டியிருந்தது ஒரு சிறிய நிரலை மட்டுமே. கேடிஇ பார்ட்டிஷன் மேனேஜர் 2019இல் இந்தப் பிரிவினைக்கு மாறியது: டிஸ்க்கைத் தொடும் பகுதி மட்டும் ரூட்டிடம், சாளரம் பயனரிடம்.