அரிவாள் அணுவும் அட்டப்பாடியும்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை ஆனைகட்டியில் கேரள எல்லையைக் கடக்கிறது. அதற்கு அப்பால் விரிந்து கிடப்பது பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி. வடக்கே நீலகிரி மலை. நடுவே கிழக்கு முகமாக ஓடும் பவானி ஆறு. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களின் தாயகம் இது. இம்மக்களிற் சிலரைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும் நோய் ஒன்று உண்டு. மலையாளத்தில் அதனை 'அரிவாள் ரோகம்' என்பர். நாம் 'அரிவாள் அணுச் சோகை' எனலாம். இந்நோயின் வேரை இரசாயன அறிவு எவ்வாறு கண்டறிந்தது, அதனை அடக்க எவ்வாறு முயல்கிறது என்பதை இன்று ஆராய்வோம்.

நம் இரத்தத்திலுள்ள சிவப்பணு வட்ட வடிவமானது. வளைந்து கொடுக்கும் இயல்புடையது. தன்னைவிடக் குறுகிய நாளத்தினுள்ளும் அது நெளிந்து நுழைந்துவிடும். அதனுள் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின் என்னும் புரதம் பிராணவாயுவைச் சுமந்து சென்று உடலெங்கும் வழங்குகிறது. நோயுற்றவரின் ஹீமோகுளோபினோ, பிராணவாயுவை இழந்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகத் திரள்கிறது. அணு விறைத்து, கதிர் அரிவாள்போல் வளைகிறது. நுண்ணிய நாளங்கள் அடைபடுகின்றன. எலும்பிலும் மூட்டிலும் மார்பிலும் பொறுக்கலாகாத வலி எழுகிறது. 120 நாள் வாழவேண்டிய அணு இருபது நாளுக்குள் மடிவதால் சோகையும் உடன்வருகிறது.

அரிவாள் வடிவ அணுக்களை 1910-ல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் முதன்முதலாக விவரித்தார். காரணம் மட்டும் நெடுநாள் விளங்கவில்லை. 1949-ல் லைனஸ் பாலிங் என்னும் இரசாயன அறிஞரும் அவருடைய குழுவினரும் நோயாளியின் ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தனர். இயல்பான புரதத்தினின்றும் வேறுபட்ட வேகத்தில் அது நகர்ந்தது. ஒரு மூலக்கூறில் நேர்ந்த பிழையே ஒரு நோயாகலாம் என்னும் உண்மை அன்று புலனாயிற்று. சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் அப்பிழையின் இடத்தையும் சுட்டினார். 146 அமினோ அமிலங்கள் கோத்த பீட்டாச் சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளூடாமிக் அமிலம் இருக்கவேண்டும். அங்கே வாலின் அமர்ந்திருக்கிறது. ஓலைச்சுவடியில் ஓரெழுத்துப் பிழைத்தால் பொருளே திரிவதுபோன்றது இது.

இத்தன்மை நம் நாட்டிலும் உண்டென்பதற்கு நீலகிரியே சான்றளித்தது. 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் அங்குள்ள பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து அதனை அறிவித்தனர். மலேரியா மலிந்த நிலங்களில் இத்தன்மை மிகுந்திருப்பது ஏன்? பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இதனைப் பெற்ற குழந்தை கடும் மலேரியாவுக்கு எளிதில் பலியாவதில்லை என்று 1954-ல் ஆந்தனி அலிசன் விளக்கினார். ஒருகாலத்தில் உயிர்காத்த கவசமே இருமடங்கானபோது நோயாயிற்று.

இங்கே நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர், அத்தன்மையைச் சுமப்பவர், பெரும்பாலும் நலமாகவே வாழ்பவர். சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்புண்டு. ஆதலால் இரத்தத்தை அறிவதே முதல் மருந்து.

அறியும் வழி எளிது. சோடியம் டைதயோனைட் கலந்த கரைசலில் சிறிது இரத்தம் விடுவர். அது பிராணவாயுவைப் பறித்துவிடும். அரிவாள் ஹீமோகுளோபின் கரையாது நிற்பதால் குழாய் கலங்கும். பின்னால் வைத்த கோடுகள் தெரியா. ஆயினும் சுமப்பவரையும் நோயாளரையும் இச்சோதனை பிரித்துக் காட்டாது. கருவில் தோன்றிய வேறொருவகை ஹீமோகுளோபின் சில மாதங்கள் வரை நிறைந்திருப்பதால், பச்சிளங்குழந்தைக்கும் இது பொருந்தாது. அதற்கு மின்முறைப் பகுப்பு முதலிய நுட்பமான சோதனைகள் வேண்டும்.

அக்கரு ஹீமோகுளோபினே சிகிச்சைக்கும் வழிகாட்டிற்று. அது உள்ளவரை அணு வளைவதில்லை. ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து அதனை மீண்டும் மிகுவிக்கிறது. வலி வரும் முறைகளைக் குறைக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் இந்நோய்க்கென அது ஒப்புதல் பெற்றது. இரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்த்து, மருத்துவர் மேற்பார்வையிலேயே அதனை உண்ணவேண்டும். நோயுள்ள குழந்தைக்கு நாள்தோறும் பென்சிலின் கொடுத்தால் கொடிய தொற்றுகள் வெகுவாகக் குறையும் என்பதும் 1986-ல் மெய்ப்பிக்கப்பட்டது.

2023-ன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் மற்றொரு சிகிச்சையை ஏற்றன. நோயாளியின் எலும்பு மஜ்ஜை மூல அணுக்களை வெளியே எடுத்து, கரு ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் மரபணு விசையை மட்டும் தேர்ந்து வெட்டி, மீண்டும் உடலிற் செலுத்துவர். மூலக்கூறின் பிழையால் வந்த நோயை மூலக்கூறின் அளவிலேயே சென்று தாக்கும் அரிய செயல் இது. அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். மலையூரில் கூலிக்குச் செல்லும் குடும்பத்திற்கு இது எட்டாக் கனியே. எட்டும் தொலைவில் இருப்பவை ஒரு துளி இரத்தத்தின் சோதனை, மாத்திரை, பென்சிலின் ஆகியவை.

2023 ஜூலை 1-ல் இந்திய அரசு தொடங்கிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம் 7 கோடி மக்களைச் சோதிப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. சோதனை நடந்தால் மட்டும் போதாது. முடிவை அவரவர் மொழியில் விளக்கிச் சொல்லவும் வேண்டும். விளக்கம் இல்லாத சீட்டு அச்சத்தையே வளர்க்கும்; 'கெட்ட இரத்தம்' என்னும் பழிச்சொல் பிறக்கும்; பெரும்பாலும் பெண்ணின் தலையிலேயே அது விழும். பிழை தாய்வழி மட்டும் வருவதன்று, இருவரிடமிருந்தும் வருவது. அது குற்றமுமன்று, மலேரியாவோடு போராடிப் பிழைத்த முன்னோர் விட்டுச்சென்ற வடு. இவ்வுண்மை மலையூர்களின் திண்ணைகளை எட்டும் நாளிலேதான், ஆய்வுக்கூடத்திற் கண்ட அறிவு மக்களுக்குப் பயன்பட்டதாகும்.