வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு வழி

கைப்பேசி வரைபடத்திடம் ரயில் நிலையத்துக்கு வழி கேட்டால் நொடியில் சொல்லிவிடும். வீட்டிலிருந்து வீட்டுக்கே வழி கேட்டால்? தூரம் சுழியம், கணக்கு முடிந்தது. ஆனால் காலையில் நடக்கவோ ஓடவோ கிளம்புகிறவருக்கு வேண்டியது அந்த வழிதான். வண்டியில் அடிபடாமல், நாய் துரத்தாமல், புகை குடிக்காமல் ஐந்து கிலோமீட்டர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வாசலுக்கே திரும்ப வேண்டும்.

வழிகாட்டும் செயலிகளின் கணக்குக்கு அடிப்படை, நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1956இல் கண்டறிந்த முறை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதமும் பென்சிலும் இல்லாமல், 20 நிமிடத்தில் யோசித்து முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ‘செலவு’. மொத்தச் செலவு எதில் குறைவோ அதுவே நல்ல வழி. அந்தச் செலவு தூரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நடைபாதை இல்லாத தெருவின் ஒரு கிலோமீட்டரை மூன்றாக எழுதிப் பாருங்கள். கணக்கு அதேதான், விடை மாறிவிடும்.

எதற்கெல்லாம் செலவைக் கூட்டி எழுதலாம்?

முதலில் வண்டிகளின் வேகம். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், 30இல் வரும் அதே காரைவிட நான்கு மடங்கு ஆற்றலோடு மோதும். ஆகவே, வேகத்தடைகள் நிறைந்த உள்தெரு வழியாகச் சற்றுச் சுற்றிப் போனாலும் நமக்கு லாபம்தான்.

அடுத்தது காற்று. ஓடும்போது நாம் இழுக்கும் காற்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு. வாகனப் புகை சாலையோரத்தில்தான் அடர்த்தி. ஒரு தெரு உள்ளே தள்ளிப் போனாலே குறையத் தொடங்கும். மார்கழி விடியலில் இன்னொரு சிக்கலும் உண்டு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்க, அதற்கு மேலே வெப்பக் காற்று மூடிபோட்டது போல் நிற்கும். வெயில் ஏறும்வரை புகை மேலே போக வழியில்லை.

நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கின்றன ‘இந்தியச் சாலைகள் காங்கிரஸ்’ என்ற பொறியாளர் அமைப்பின் வழிகாட்டு விதிகள். நம் ஊரில் அந்த அகலத்தில் பாதியை டிரான்ஸ்ஃபார்மரும் மீதியைக் கடைச் சாமான்களும் பிடித்துக்கொள்வது சகஜம். தெருவிளக்கு, அந்நேரத்தில் திறந்திருக்கும் டீக்கடை, பால் பூத், நாய்கள் கூடும் குப்பைத்தொட்டி எல்லாமே கணக்கில் வர வேண்டும். பெண்களுக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும்தான் எல்லாவற்றையும்விடக் கனமான எண்கள்.

நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பதே பாதுகாப்பு. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போவதால், நாம் வலது ஓரமாகப் போக வேண்டும். இப்போது ஒரு குளத்தை வலம் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குளம் எப்போதும் நம் வலக்கைப் பக்கம். குளக்கரையை ஒட்டி நடந்தால் வண்டிகள் முகத்துக்கு நேரே வரும். எந்தத் தெருவையும் குறுக்கே கடக்க வேண்டியதும் இல்லை. இடமாகச் சுற்றினால் அதே கரையில் வண்டிகள் முதுகுக்குப் பின்னால் வரும். ஒருவழிச் சாலையில் மட்டும் வண்டிகள் வரும் திசையைப் பார்த்து இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு இது எளிது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றினால் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, அதற்கும் வெளியே வெளிவீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். இன்று எவ்வளவு தெம்போ, அவ்வளவு பெரிய சதுரம்! ஊர் தூங்கும் விடியலில் மட்டும்தான். கடை திறந்துவிட்டால் மாசி வீதியில் ஓட முடியாது.

சிறு சுற்றைப் பலமுறை சுற்றுவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் சுற்றில் எங்கே கால் பிசகினாலும் வீடு அரை கிலோமீட்டருக்குள்தான். ஒரே மூச்சில் இரண்டரை கிலோமீட்டர் போய்விட்டவருக்கு ஆட்டோதான் கதி.

ஓடிய தடத்தைச் செயலியில் பகிர்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், ராணுவ வீரர்கள் ஓடிய தடங்கள் முகாம்களையே காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் அம்பலமானது. தினமும் ஒரே நேரத்தில் நீங்கள் புறப்படும் வாசலும் அப்படித்தான் தெரியும். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதியை இயக்கிவையுங்கள்.

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் வண்டியெடுத்துப் போய் நடக்க வேண்டியிருந்தால் பத்தாம் நாள் விட்டுப்போகும். வாசலில் தொடங்கும் வழியே நிலைக்கும்.

இன்றிரவே ஒரு தாளில் உங்கள் தெருக்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ‘செலவு’ எழுதுங்கள். பிறகு, நீங்கள் ஓடப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஞாயிறு மாலை பார்த்த தெரு வேறு, திங்கள் காலை ஐந்தரை மணித் தெரு வேறு.