பாத்ரூம் டைல்ஸ் மாத்தப் போறீங்களா? பட்ஜெட் எகிறுவது எங்கே தெரியுமா?

‘வீட்டைக் கட்டிப்பார்’னு சொன்ன பெரியவங்க, பழைய வீட்டைப் புதுப்பிச்சுப் பார்னு சொல்லாம விட்டுட்டாங்க. புது வீட்டுக்காவது பிளான், எஸ்டிமேட் என்று ஏதாவது இருக்கும். பழைய வீட்டில் சுவரை உடைக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைல்ஸ் மட்டும் மாற்றலாம் என்று ஆரம்பித்த வேலை, பாதியில் பணம் தீர்ந்து நகையை அடகு வைப்பதில் போய் நிற்பது இதனால்தான்.

உடைச்ச பிறகுதான் செலவே தெரியும்

25, 30 வருடப் பழைய வீடு என்றால், பாத்ரூம் சுவருக்குள் பெரும்பாலும் ஜிஐ பைப்தான் இருக்கும். டைல்ஸை உடைத்ததும் அதன் துரு கண்ணில் படும். ‘இப்போதைக்கு ஓடட்டும்’ என்று மூடிவிட்டால், பைப் கசியும்போது புது டைல்ஸையும் சேர்த்தே உடைக்கணும். அதனால் பைப், வாட்டர் ப்ரூஃபிங் இரண்டையும் முதல் நாளே எஸ்டிமேட்டில் சேர்த்துவிடுங்கள். வாட்டர் ப்ரூஃபிங் முடிந்து காய்ந்ததும் தரையில் தண்ணீரைத் தேக்கி ஒரு நாளாவது விட்டு, கீழ்த்தள சீலிங்கில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கணும். டைல்ஸ் அதுக்கப்புறம்தான்.

பலரும் மறக்கும் இன்னொரு செலவு, இடித்த கழிவு. லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி என்றால் மூட்டை கட்டி இறக்கவே தனிக் கூலி. தெரு ஓரத்தில் கொட்டினால் மாநகராட்சி அபராதமும் வரும்.

ஆக, கையில் 2 லட்சம் இருந்தால் 1.7 லட்சத்துக்கு வேலையைத் திட்டமிடுங்கள். மீதி 30 ஆயிரம் இருப்பது மேஸ்திரிக்குத் தெரியாமல் இருப்பது நல்லது!

டைல்ஸ் கணக்கு

10க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி. 2க்கு 2 டைல்ஸ் 30 தேவை. வெட்டும்போது வீணாவது 10 சதவீதம், அதாவது 3. ஒரு பெட்டியில் 4 என்றால் 9 பெட்டி போதும் என்று தோன்றும். ஆனால், சுவர் ஓரம் 4 அங்குல ஸ்கர்ட்டிங்? கதவு இடம் போக 41 அடிக்கு, அதே டைல்ஸை வெட்டினால் இன்னும் 4 வேணும். மொத்தம் 37, அதாவது 10 பெட்டி. குறைச்சலா வாங்கிவிட்டு மறுபடி கடைக்குப் போனால் அதே பேட்ச் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நிறம் லேசாக மாறும். மிச்சமாகும் 3 டைல்ஸை எடுத்து வையுங்கள், பின்னாடி ஒன்று உடைந்தால் உதவும்.

ஜிஎஸ்டி குறைஞ்சதே, லாபம் இல்லையா?

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது உண்மைதான். வீடு கட்டுபவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் பாத்ரூம் வேலைக்கு ஆகும் சிமெண்ட் சில மூட்டைகள்தான். பணம் போவது டைல்ஸ், குழாய், கூலி என்ற வழியில். டைல்ஸுக்கும் பெயிண்டுக்கும் வரி 18 சதவீதமே.

காண்ட்ராக்ட் எப்படிப் பேசணும்?

நாள் கூலி என்றால் வேலை இழுக்க இழுக்கச் செலவு உங்களுடையது. சதுர அடி கணக்கில் பேசினால் கூலி எவ்வளவு என்று முன்பே தெரிந்துவிடும். ஆனால் அந்த ரேட்டில் பழைய டைல்ஸை உடைப்பது, ஸ்கர்ட்டிங், கழிவை இறக்குவது எல்லாம் சேர்த்தியா என்பதை எழுதி வாங்கணும். டைல்ஸ், குழாய்களின் பிராண்டும் மாடலும்கூட அந்தத் தாளில் இருக்கட்டும். ‘நல்ல குவாலிட்டி போட்டுடலாம் சார்’ என்ற வாக்கு கணக்கில் வராது.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் பைப் வேலை முடிந்ததும் கொஞ்சம், டைல்ஸ் முடிந்ததும் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுங்கள். கடைசித் தவணைக்கு முன், ஒரு வாளி தண்ணீரை மூலையில் ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் நேராக ஜாலிக்கு ஓடினால், பணத்தை எடுத்து நீட்டலாம்.