மணற்காட்டில் மலர்ச் சுற்றுலா

மணிச்சத்தே இல்லாத மணலில் என்ன விளையும் என்று கேட்டால், ஒன்றும் விளையாது என்றுதான் நாம் சொல்வோம். ஆனால் ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில், உலகிலேயே மிகவும் சத்துக் குறைந்த மண் வகைகளில் ஒன்றின்மேல், ஏறக்குறைய 8,000 வகைச் செடி கொடிகள் வளர்கின்றன. இவற்றில் சுமார் பாதி வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. இவை பூக்கும் காலத்தில் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து, வழிகாட்டியுடன் பேருந்தில் ஏறிக் காட்டுப் பூக்களைப் பார்த்துச் செல்கின்றனர். அப்பேருந்தில் நீங்களும் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

எப்பொழுது செல்கிறார்கள்?

அங்கே மழை, குளிர்காலமான மே முதல் ஆகஸ்டு வரை பெய்கிறது. நமக்கு ஆவணி, புரட்டாசியாக இருக்கும்பொழுது அங்கே வசந்தம் தொடங்குகிறது. மாநிலத்தின் வடபகுதியில் ஜூலையிலேயே பூக்கத் தொடங்கி, தெற்கே செல்லச் செல்ல அக்டோபர், நவம்பர் வரை பூக்கள் நீடிக்கும். மழை தவறிய ஆண்டில் உள்நாட்டில் பூக்களும் குறைந்துவிடும். மானாவாரி உழவரைப் போலவே சுற்றுலா நடத்துவோரும் வானத்தை நம்பியே இருக்கின்றனர்.

கடற்கரை ஓரம்

பேருந்து பெர்த் நகரிலிருந்து புறப்பட்டு, இந்தியப் பெருங்கடலின் கரையோரமாக வடக்கே செல்கிறது. ஜூரியன் பே என்ற ஊருக்கு அருகே உள்ள லெசூயர் தேசியப் பூங்காவில் மட்டும் 900க்கும் மேற்பட்ட செடி வகைகள் உள்ளன. அங்கே பெரும் மரங்கள் குறைவு. முழங்கால் அளவும் இடுப்பளவும் உள்ள புதர்களே மிகுதி. பாங்சியா, கிரெவில்லியா, கங்காரு பாதம் எனப்படும் சிவப்பும் பச்சையும் கலந்த பூ ஆகியவற்றை இப்பயணத்தில் காணலாம். கங்காரு பாதம் 1960ஆம் ஆண்டு முதல் மேற்கு ஆஸ்திரேலியாவின் மாநில மலராக உள்ளது.

சத்தில்லா மண்ணில் இவை எப்படி வாழ்கின்றன? பாங்சியாவின் வேரைத் தோண்டிப் பார்த்தால், பாட்டில் கழுவும் பிரஷ் போல நெருக்கமான சிறு வேர்க் கொத்துகள் இருக்கும். இவ்வேர்கள் அங்கக அமிலங்களைக் கசியவிடும். மண்ணில் பிடிபட்டுக் கிடக்கும் சிறிதளவு மணிச்சத்தை அவ்வமிலங்கள் கரைத்து, செடிக்குக் கிடைக்கச் செய்யும். இலை உதிரும் முன் அதிலுள்ள மணிச்சத்தின் பெரும்பகுதியையும் செடி திரும்ப எடுத்துக்கொள்ளும். இத்தகைய செடிகள் பலவற்றுக்கு சூப்பர் பாஸ்பேட் இட்டால் அவை செழிப்பதற்குப் பதிலாகக் கருகிவிடும்.

நம் மலைத்தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் நட்டுள்ள சில்வர் ஓக் மரம் இந்தக் கிரெவில்லியா இனத்தைச் சேர்ந்ததே. அது கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதற்கும் இத்தகைய வேர்க் கொத்துகள் உண்டு.

உள்நாட்டில்

ஜெரால்ட்டன் துறைமுகத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் கோதுமை வயல்கள் வருகின்றன. சுமார் 100 கிலோமீட்டர் சென்றதும் முல்லேவா என்ற சிற்றூர். அதைச் சுற்றியுள்ள தரிசுகளில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் காகிதப் பூக்கள் தரையை மூடிக் கிடக்கும். இதழ் போன்ற அவற்றின் செதில்கள் காய்ந்தும் நிறம் மாறாமல் இருப்பதால் 'வாடாப் பூ' என்ற பொருளில் அங்கே பெயரிட்டுள்ளனர். இவை ஒரு பருவச் செடிகள். மழையில் முளைத்து, சில மாதங்களில் பூத்து, விதையை மண்ணில் விட்டு மடிகின்றன. மேகமூட்டத்திலும் மாலையிலும் இப்பூக்கள் மூடிக்கொள்ளும். ஆகவே வெயில் ஏறிய பின்னரே வழிகாட்டி பயணிகளை இறக்கிவிடுவார்.

பெரன்ஜோரி, பிண்டார் பகுதிகளில் வளையப் பூ என ஒன்று உண்டு. தரையோடு படர்ந்த செடியின் நடுவே பச்சை இலையும், விளிம்பைச் சுற்றிச் சிவப்பு, மஞ்சள் பூக்களும் அமைந்து, யாரோ மாலை கட்டி வைத்தது போல் தோன்றும். கிளறப்பட்ட சரளை மண்ணில், சாலையோரத்தில்தான் இது நன்கு வளர்கிறது.

இப்பகுதிச் செடிகள் பலவற்றின் விதைகள் காட்டுத்தீ வந்து சென்ற பின்னரே முளைக்கும். புகையில் உள்ள ஒரு வேதிப்பொருளே விதையை எழுப்புகிறது என்பதை மேற்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2004இல் கண்டறிந்தனர்.

பூ மறைந்த இடத்தில் உப்பு

பல இடங்களில் காட்டுப் பூக்கள் சாலையோரத்துக் குறுகிய பட்டையில் மட்டும் எஞ்சியிருப்பதைப் பயணிகள் காண்பர். வேலிக்கு அப்பால் கோதுமை. ஆங்காங்கே ஒன்றும் முளைக்காத வெள்ளைத் திட்டுகள்.

கடற்காற்றும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்த உப்பு அம்மண்ணின் அடியில் தங்கியிருந்தது. ஆழ வேரூன்றிய புதர்களும் மரங்களும் மழைநீரில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டதால் அது அங்கேயே கிடந்தது. கோதுமைக்காகக் காட்டை அழித்தபின், ஆழமில்லா வேருள்ள பயிர் குடித்தது போக மிஞ்சிய நீர் கீழிறங்கியது. நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து உப்பை மேலே கொண்டுவந்தது. உட் என்ற ரயில்வே பொறியாளர் இதை 1924லேயே எழுதி வெளியிட்டார். ஆயினும் காடழிப்பு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. இன்று அம்மாநிலத்தின் தென்மேற்கில் 10 லட்சம் எக்டருக்கும் மேற்பட்ட நிலம் உவரால் கெட்டுள்ளது. மரம் நட்டு மீட்க உழவர்கள் முயல்கின்றனர். ஆனால் இழந்த நிலத்தை மீட்பது எளிதன்று.

பயணிகளுக்கான கட்டுப்பாடுகள்

உரிமம் இன்றிப் பூப்பறிக்கக் கூடாது. பாதையை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. பூங்காக்கள் பலவற்றில் நுழையுமுன் காலணியில் ஒட்டிய மண்ணைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஏனெனில் பைட்டோப்தோரா என்ற, பூசணம் போன்ற நுண்ணுயிர் ஈரமண்ணுடன் பரவி வேரை அழுகச் செய்கிறது. தென்மேற்கின் செடி வகைகளில் 40 சதவீதத்துக்கு மேல் அதற்கு இரையாகக் கூடியவை. மிளகில் விரைவு வாடல் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

நாம் கொள்ள வேண்டியவை

1. மண்ணை ஆய்வு செய்து, தேவைக்கேற்ப மட்டும் மணிச்சத்து இடுங்கள். எல்லாப் பயிருக்கும் ஒரே அளவு பொருந்தாது.

2. வாடல் கண்ட தோட்டத்தில் வேலை செய்தபின் மண்வெட்டியையும் காலையும் கழுவிய பின்னரே அடுத்த தோட்டத்தில் இறங்குங்கள்.

3. கால்வாய்ப் பாசன நிலத்தில் வடிகாலைத் தூர்க்காதீர்கள். நீர் தேங்கி நிலத்தடி மட்டம் உயர்ந்தால் அங்கே நடந்ததே இங்கும் நடக்கும்.

4. வரப்போர மரங்களையும் புதர்களையும் பயனற்றவை என்று வெட்டும் முன் ஒருமுறை யோசியுங்கள். அவை மண்ணுக்கு அடியில் செய்யும் வேலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேலை நின்ற பிறகே அது தெரியவருகிறது.