கருவுற்ற தாயின் மனக்காயம்: பேச்சும் மருந்தாகும்

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகரை ஒட்டி இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம் என்ற மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 அன்று சென்னைக் கரையோரக் குப்பங்களைச் சுனாமி தாக்கியபோது 5 வயதாக இருந்த சிறுமிகள், இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள்.

பேரிடரைக் கண்டவர்களில் பெரும்பாலோர் காலப்போக்கில் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் கெட்ட கனவு, நடந்தது மீண்டும் கண்முன் நடப்பது போன்ற உணர்வு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடல், அதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடிக்கும். இதையே மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். சுனாமி மட்டுமல்ல, விபத்து, கணவனின் அடி உதை, முந்தைய பிரசவத்தில் குழந்தையை இழந்தது ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம்.

கர்ப்பிணிக்கு இது இருந்தால் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், "மாத்திரை குழந்தையைப் பாதிக்குமோ" என்று அஞ்சிப் பலர் சிகிச்சையையே தள்ளிப்போடுகிறார்கள். மாத்திரை இல்லாத சிகிச்சையும் உண்டு என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

அதுதான் பேச்சு சிகிச்சை. இது வெறும் ஆறுதல் அல்ல. பயிற்சி பெற்ற உளவியலாளர் வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகளில் இதை நடத்துவார். முதலில் பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சி. பிறகு, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லவைப்பார். "என்னால்தான் நடந்தது" போன்ற எண்ணங்களைச் சேர்ந்து ஆராய்வார். ஒதுக்கிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பச் செய்வார். அந்த ஆபத்து முடிந்துபோனது என்பதை மனம் இவ்வாறு கற்றுக்கொள்கிறது.

"பழசை நினைக்காதே" என்று நாம் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வேரூன்றும். அதற்காகக் குடும்பத்தார் வற்புறுத்திக் கேட்கவும் கூடாது. அவளாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்பதும், சிகிச்சைக்குத் துணையாகச் செல்வதுமே நம் பங்கு. கணவனே அச்சத்துக்குக் காரணம் என்றால், முதலில் அவளுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாதாந்தரப் பரிசோதனையின்போதே மருத்துவரிடமோ செவிலியரிடமோ இதைச் சொல்லலாம். 2022-இல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பது போல, கர்ப்பிணியின் தூக்கத்தையும் அச்சத்தையும் கேட்டறிவோம்.