தங்கம் போனது, மண் மலை நின்றது!

தாலியில் தங்கம், தோட்டில் தங்கம். தங்கம் இல்லாமல் கல்யாணம் உண்டா? அந்தத் தங்கத்தை அள்ளிக் கொடுத்த ஊர் ஒன்று இன்று தூசியோடு போராடுகிறது. அதுதான் கர்நாடக மாநிலத்தில் இருக்கும் கோலார் தங்க வயல்.

1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்தது. தமிழ்நாட்டில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குடும்பத்தோடு வேலைக்குப் போனார்கள். இன்றும் அந்த ஊர்த் தெருக்களில் தமிழ் கேட்கலாம்.

10 ஆயிரம் அடி ஆழம்

'சாம்பியன்' சுரங்கம் 10 ஆயிரம் அடிக்கும் மேல் ஆழமானது. அங்கே பாறையே அனலாகக் கொதிக்கும். தொழிலாளர்கள் வியர்வையில் குளித்தபடி பாறையை உடைத்தார்கள்.

அந்தப் பாறையை மாவாக அரைத்து, 'சயனைடு' என்ற நச்சு மருந்தைக் கலந்து தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய மண்ணை வெளியே கொட்டினார்கள். அது மலை மலையாகக் குவிந்தது. மொத்தம் 13 மேடுகள். 3 கோடி டன்னுக்கு மேல் மண்!

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். தண்ணீரை இறைப்பது நின்றதால் சுரங்கம் நீரில் மூழ்கியது. மண் மேடு மட்டும் அப்படியே நின்றது. காற்றுக் காலத்தில் தூசி பறந்து வீட்டுக்குள் வந்து விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சுரங்கத்தை எப்படி மூடவேண்டும் என்ற விதி 2003-ல்தான் வந்தது. தங்க வயல் மூடி 2 ஆண்டு கழித்து! 2017-ல் புதிய விதிகள் வந்தன.

இதன்படி, சுரங்க முதலாளி மூடுவதற்கு 2 ஆண்டு முன்பே திட்டம் கொடுக்கவேண்டும். மேல் மண்ணைத் தனியாகச் சேர்த்துவைத்து, நிலத்தைச் சீர்படுத்தப் பயன்படுத்தவேண்டும். வீட்டுக்குக் குடிவருகிறவர் முன்பணம் கட்டுவதுபோல, அவரும் உத்தரவாதம் கட்டவேண்டும். வேலையைச் செய்யாமல் போனால் அந்தப் பணம் போய்விடும். அதிகாரியின் சான்றிதழ் இல்லாமல் கையைக் கழுவிவிட முடியாது.

2020-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு உத்தரவு போட்டது. தோண்டிய இடத்தில் மீண்டும் புல் வளர்க்கவேண்டும் என்பதை நிபந்தனையாக வைக்கச் சொன்னது.

மீண்டும் தங்கம்

தங்க வயல் மேடுகளில் இன்னும் கொஞ்சம் தங்கம் கலந்திருக்கிறது. அதை எடுக்கும் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை சம்மதித்தது.

எடுக்கட்டும். ஆனால், இந்தத் தடவை தங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தூசியை விட்டுவிட்டுப் போகக்கூடாது. பந்தல் போட்டவர்தான் பந்தலைப் பிரிக்கவேண்டும். குழி தோண்டியவர்தான் குழியை மூடவேண்டும்!